கேள்விமுறை

திருவாடானையின் தலபுராணம் ஒரு தண்டனைக் கதை. வருணனின் மகன் வாருணி தன் கூட்டாளிகளோடு துர்வாசரின் ஆசிரமத்துக்குள் புகுந்து, பழங்களைப் பறித்துத் தின்று, மிச்சத்தை எறிந்து, இடத்தை அலங்கோலப்படுத்தினான். முனிவருக்குக் கோபம் வந்தது. யானை உடம்பும் ஆட்டுத் தலையுமாகப் போ என்று சபித்தார். அந்த உருவத்தோடு அலைந்தவன் கடைசியில் இங்கே வந்து ஆதிரத்தினேசுவரரை வணங்கிச் சாபம் நீங்கினான். சம்பந்தர் பாடிய தலம். கோபுரத்தைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லாத பெரியவர் ஊரில் இல்லை. கூடப் போன பையன்களுக்கு என்ன ஆச்சு என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்டுவிடும். கதையில் அதற்குப் பதில் கிடையாது. தின்றது ஒரு கூட்டம், தண்டனை ஒருவனுக்கு. செய்ததற்கும் பெற்றதற்கும் என்ன பொருத்தம் என்று துர்வாசரைக் கேட்பாரும் இல்லை. கோபக்காரர் என்று பெயர் வாங்கியதோடு அவர் பாடு முடிந்தது.

எங்கள் ஊர் டீக்கடைகளில் குற்றம் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டால் துர்வாசர் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை என்றுதான் தோன்றும். எங்கோ ஒரு கொலை, எங்கோ ஒரு பலாத்காரம், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்திருக்கும். "நடுரோட்டுல வச்சுச் சுடணும்ணே" என்பார் ஒருவர். "அரபு நாட்டுச் சட்டம்தான் இவனுங்களுக்குச் சரி" என்பார் இன்னொருவர். தொண்டிப் பக்கத்திலும் எஸ்.பி.பட்டினம் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். பத்துப் பதினைந்து வருஷம் அங்கே இருந்து திரும்பியவர்கள் அரபு நாட்டுச் சட்டத்தைப் புகழ்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட நாட்டில், பிராது கொடுக்க ஒரு வாசல் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தண்டனை எவ்வளவு என்பதில்தான் நமக்கு விவாதமெல்லாம். தண்டிப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது பேச்சிலேயே வருவதில்லை. இந்தத் தாலுகாவில் நடந்தவற்றை அடுக்கிப் பார்த்தால், இங்கே நீதி கெட்டுப்போன இடமெல்லாம் இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாத இடம்தான் என்று எனக்குப் படுகிறது.

பக்கத்திலிருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சுந்தரபாண்டியன்பட்டினம் என்ற எஸ்.பி.பட்டினம், தொண்டிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. 2014 அக்டோபரில் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குள் ஓர் இளைஞர் உதவி ஆய்வாளரின் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தகராறு தொடர்பாக விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர். கத்தியால் குத்த வந்தார், தற்காப்புக்குச் சுட்டேன் என்றார் உதவி ஆய்வாளர். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2022இல் ராமநாதபுரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் படிகள் உண்டு, அது வேறு விஷயம். எனக்கு அதில் முக்கியமாகப்படுவது ஆயுள் தண்டனை அல்ல. துப்பாக்கி வைத்திருந்தவர் எட்டு வருஷம் கழித்தாவது கூண்டில் ஏறி, ஏன் சுட்டாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்ததே, அது. காவல் நிலையத்துக்குள் ஒருவர் செத்தால் நீதித்துறை நடுவர் விசாரித்தே ஆக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தது 2005இல்தான். அதற்கு முன்பு கோட்டாட்சியர் விசாரிப்பார்; அவர் அறிக்கை கோட்டைக்குப் போகும்; அங்கேயே இருக்கும்.

சுடப்பட்ட சமயத்தில் ஊர்ப் பேச்சு எப்படி இருந்தது என்பது நினைவிருக்கிறது. செத்தவர் பெயரைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பலர் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். இதுவும் துர்வாச முறைதான். இவன் யார் என்பது தெரிந்தால் போதும், என்ன நடந்தது என்பது தேவையில்லை.

ஹைதராபாதில் 2019 டிசம்பர் 6 அதிகாலை, கால்நடை மருத்துவர் கொலையில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது இங்கே கடையில் மிட்டாய் கொடுக்காத குறைதான். அங்கே போலீஸ் மீது பூவே தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் அறிக்கை தந்தது. கைதிகள் தாக்கினார்கள் என்ற கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது அறிக்கை. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. பூத் தூவியவர்கள் யாரும் அறிக்கையைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. தூரத்துக் கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்கள். 2025 ஜூனில் நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே திருப்புவனம்: மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகை காணவில்லை என்ற ஒரு புகாருக்காக, முதல் தகவல் அறிக்கைகூடப் பதியாமல் தனிப்படை 'விசாரித்ததில்' இறந்துபோனார்.

போலீசையே குறை சொல்வதாகத் தோன்ற வேண்டாம். இங்கே அன்றாடக் குற்றம் என்றால் ஆடு திருட்டுத்தான். இரண்டு பேர் பைக்கில் வருவார்கள், நடுவில் ஆட்டை இருத்திக்கொண்டு போய்விடுவார்கள். 2021 நவம்பரில் இப்படி ஆடு திருடியவர்களை இரவில் விரட்டிப் போன திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒற்றை ஆளாக, இருட்டில், ஓர் ஏழையின் ஆட்டுக்காக. அந்தத் துறையில் அப்படியும் ஆட்கள் உண்டு. ஆனால் ஆட்டைப் பறிகொடுத்தவர் புகார் எழுதிக்கொண்டு போனால் அவர் கைக்கு வருவது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. எப்.ஐ.ஆர். என்பது அடுத்த பிறவியில். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதாகுமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியாகிவிட்டது. அது டெல்லியில் சொன்னது. இங்கே திருடன் கையில் கிடைத்தால் மின்கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அடிப்பவர்களைக் கேட்டால், "ஸ்டேசனுக்குப் போனா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்கிறார்கள். பதியாத புகாரும் கட்டிவைத்த கம்பமும் ஒன்றுக்கொன்று உறவு.

ஊர் கூடித் தண்டிப்பது பழங்காலத்தில் ஒழுங்காக இருந்தது, போலீஸ் வந்த பிறகுதான் கெட்டது என்றொரு நம்பிக்கை நம்மவர்களுக்கு உண்டு. அம்பலம், நாட்டார், நாட்டுக்கூட்டம் என்றெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் ஹட்டன் எழுதியதைப் படிக்க வேண்டும். ஜே.எச்.ஹட்டன் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில், 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது போட்ட எட்டுத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, குதிர்கள் உடைந்தன, ஆடுமாடுகள் போயின. அடங்கவில்லை என்று 1931 ஜூனில் பட்டியலைப் பதினொன்றாக்கினார்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று. சொந்த நிலம் இருந்தால் மிராசுதார்களுக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இல்லையேல் பாய்ச்சலுக்குத் தண்ணீர் கிடையாது என்பது இன்னொன்று. 1934 பயணத்தில் காந்தி தேவகோட்டைக்கு வந்தபோது நாட்டார்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியலைப் படிக்கையில் எனக்கு உறைப்பது கொடுமை மட்டுமல்ல, அதன் அலுவலக ஒழுங்கு. சட்டசபையில் மசோதா கொண்டுவருவதுபோலக் கூடிப் பேசி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஆறு மாதத்தில் திருத்தமும் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளாட்சி என்றால் அதுவும் உள்ளாட்சிதான். ஆட்சிக்குட்பட்டவன் அந்தக் கூட்டத்தில் உட்கார முடியாது என்ற ஒன்றைத் தவிர.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இதைப் பார்த்து முகம் சுளிக்க யோக்கியதை கிடையாது. 1816ஆம் ஆண்டின் பதினோராவது சென்னை ரெகுலேஷன் கிராமத் தலைவருக்குச் சின்ன வாய்ச்சண்டை, கைகலப்புகளைத் தண்டிக்கும் அதிகாரம் தந்தது. குற்றம் செய்தவரைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம்வரை அடைக்கலாம். அவர் 'கீழ்ச்சாதி' என்றால் ஆறு மணி நேரம்வரை தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே கைகலப்புக்குச் சாவடித் திண்ணையா தொழுமரமா என்பதைச் சட்டமே சாதி பார்த்துச் சொல்லியது. நாட்டார்கள் தடைப் பட்டியல் போட்ட அதே காலத்தில், இதே மாவட்டத்தில், ஆப்பநாட்டு மறவர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்துக்குப் பணிய மறுத்துக் குண்டடிபட்டுச் செத்தார்கள். பிறந்ததே குற்றம், ராத்திரி ஸ்டேஷனில் படுத்து எழுந்து கைரேகை வைத்துவிட்டுப் போ என்பது அந்தச் சட்டம். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நீங்கியது. விசாரணையில்லாத தண்டனை எப்படி இருக்கும் என்று தங்கள் தோலில் அறிந்தவர்களும், அறிந்தவர்களின் பங்காளிகளும் இந்தப் பூமியில் இருந்தார்கள். அந்த அறிவு ஆதிதிராவிடர் தெருவரைகூட நடந்து போகவில்லை.

1942க்கு வருகிறேன். திருவாடானைக்குச் சரித்திரத்தில் ஒரு பக்கம் உண்டென்றால் அது இந்த ஆண்டுதான். ஆகஸ்ட் போராட்டத்தில் தேவகோட்டையில் பேசியதற்காகச் சின்ன அண்ணாமலையைக் கைது செய்தார்கள். பிற்பாடு சென்னையில் தமிழ்ப் பண்ணை என்ற பதிப்பகம் நடத்தியவர். அன்று இருபத்திரண்டு வயதுப் பேச்சாளர். தேவகோட்டையில் வைத்திருந்தால் கலகம் வரும் என்று திருவாடானைக் கிளைச்சிறைக்குக் கொண்டுவந்தார்கள். தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டு வந்து பட்டப்பகலில் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' என்ற தன் நினைவுநூலில் அவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தலைப்புப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் பதினைந்துதோறும் மேடையில் இந்தக் கதை சிறை உடைந்ததோடு நின்றுவிடும். உடைந்த பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. திரும்பிய கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அதற்கப்புறம் கிராமம் கிராமமாகத் தேடுதல், அடி, எரிப்பு. அதற்கெல்லாம் யார் பதில் சொன்னார்கள்? ஐந்து வருஷத்தில் சுதந்திரம் வந்தது. சிறை சென்றவர்களுக்குப் பின்னாளில் தாமிரப் பட்டயம் வந்தது. சுட உத்தரவிட்டவர்களும், குடிசைக்குத் தீ வைத்தவர்களும் அதே சம்பளப் பட்டியலில், கொடி மட்டும் மாறிய கட்டடத்தில், ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்கள். ஆட்சி மாற்றம் என்பதை ஒரு பெரிய பொதுமன்னிப்பாக எடுத்துக்கொண்டோம். மன்னிப்புக் கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

அன்று சிறையை உடைத்தவர்களிடம் போய், ஐயா முறைப்படி ஜாமீன் மனுப் போட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நீதிமன்றம் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதாக இருக்கவில்லை. தாசில்தாரை அவர்கள் நியமிக்கவில்லை, சட்டத்தை அவர்கள் ஆக்கவில்லை. கேட்க வேறு இடமில்லாதவன் கதவைத்தான் உடைப்பான். எனக்கு உறுத்துவது வேறு. அதற்குப் பிறகு இத்தனை தேர்தல் பார்த்தும் எங்கள் ஜனங்கள் கேட்கிற இடம் இன்னும் ரோடுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரவில்லையென்றால் காலிக்குடத்தோடு மறியல். பயிர்க் காப்பீட்டுப் பணம் வரவில்லையென்றால் மறியல். பஸ் இரண்டு பக்கமும் நின்ற பிறகு தாசில்தார் ஜீப்பில் வருவார், பேச்சுவார்த்தை நடத்துவார், உறுதி அளித்ததன் பேரில் கலைந்து செல்வார்கள் என்று மறுநாள் பேப்பரில் வரும். அந்த உறுதி என்ன ஆனது என்று எந்தப் பேப்பரிலும் வராது.

இதற்கெல்லாம் ஓர் இடம் வேண்டும் என்றுதான் 73ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. தமிழ்நாடு 1994இல் ஊராட்சிகள் சட்டம் இயற்றி 1996இல் தேர்தல் நடத்தியது. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது, முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016இல் என்ன ஆனது என்பதைப் பாருங்கள். அந்த வருஷம் மே மாதம் சட்டமன்றத் தேர்தல் குறித்த நாளில் நடந்தது. எங்கள் தொகுதியில் நடிகர் கருணாஸ் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை என்பது வழக்கு. சரி செய்து நடத்த மூன்று மாதம் போதும். நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அப்படி 2020 ஜனவரியில் உட்கார்ந்த தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். இந்த முறை காரணம் வார்டு மறுவரையறை, நகரங்களோடு ஊராட்சிகளைச் சேர்ப்பது. இரண்டு கழகமும் இதில் மட்டும் ஒற்றுமை. சட்டமன்றத்துக்கு இப்படி மூன்று வருஷம் தேர்தல் தள்ளிப்போனால் நாடு கொந்தளிக்கும். ஊராட்சிக்குத் தள்ளிப்போனால், வேட்பாளராக நினைத்திருந்தவர்கள் தவிர யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

தனி அலுவலர் கெட்டவர் என்பதில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர்தான், பாவம், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் கணக்கு அவர் தலையில். அவர் பதில் சொல்ல வேண்டியது மாவட்டத்துக்கு, மாவட்டம் சென்னைக்கு. எல்லாப் பதிலும் மேல்நோக்கிப் போகும். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய மானியம் கிடையாது என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் யாரோ, மானியம் இழப்பது ஊர். வாருணிக்கு நடந்தது இதுதான் போலும். அவனுடைய யானை உடம்பும் ஆட்டு வாயும் இந்த ஊருக்கும் பொருந்தும். திருவாடானை தாலுகாவுக்குத் தலைநகர், தொகுதிக்குப் பெயர் தந்த ஊர், நீதிமன்றம் இங்கே, ஒன்றிய அலுவலகம் இங்கே, மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்ற பேரும் உண்டு. அத்தனை பெரிய உடம்புக்குத் தீனி போக வேண்டிய உள்ளாட்சி, நெடுங்காலமாக ஒரு கிராம ஊராட்சியின் வாய்தான்.

தலைவர் இருந்தாலும் அவர் பாடு லேசில்லை. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி கலெக்டர் அவரை நீக்கலாம். நீக்குவதற்கு முன்பே 'செக் பவரைப்' பிடுங்கிவிடுவார்கள். ஊர் முழுக்க ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் காசோலையில் கையெழுத்துப் போட முடியாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் தின்றிருக்கவும் கூடும். தின்றாரா இல்லையா என்பதை முடிவு செய்ய ஓட்டுப் போட்டவனிடம் ஒரு வழியும் இல்லை.

கண்மாய் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் துலக்கம். பக்கத்து ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு முதல் தண்ணீர் என்பதற்கு ஒரு காலத்தில் நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருந்தார். அவர் ஓரவஞ்சனை செய்தால் வரப்பிலேயே கேட்டுவிடலாம். இன்று நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத்துறைக் கண்மாய், குறைந்தால் ஒன்றியக் கண்மாய். கரை உடைந்தால் இது எங்களுடையது இல்லை என்று சொல்ல இரண்டு அலுவலகம். உள்ளே கருவேலம் மண்டினால் வருவாய்த்துறை, வனத்துறை, ஊராட்சி என்று மூன்று. சீமைக் கருவேலத்தை வெட்டக்கூட 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட வேண்டி வந்தது. ஒரு முள் மரத்தைப் பிடுங்க யாரிடம் கேட்பது என்று தெரியாத ஊரில், வண்டல் என்ற பேரில் அளவுக்கு மீறி அள்ளிப் போகும் லாரியை யார் மறிப்பது?

கடற்கரைக்குப் போனால் குற்றம் என்பதே வேறு தினுசு. கடல் அட்டையைப் பிடிப்பது 2001இலிருந்து புலியைக் கொல்வதற்குச் சமமான குற்றம். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பாக் நீரிணையின் அந்தப் பக்கம், இலங்கையில், உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், விற்கலாம். ஆகவே தொண்டிக் கரையில் மூட்டை பிடிபட்டது என்று மாதம் ஒரு செய்தி. அட்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடலில் தலைமுறையாக மூழ்கியவனைக் கூப்பிட்டு, இவ்வளவு காலம், இந்த இடத்தில், இந்த அளவு என்று பேசியிருக்கலாம். பேசவில்லை. பிடிபடுவதும் தோணிக்காரன்தான்; சரக்கு வாங்குகிறவன் பெயர் செய்தியில் வந்து நான் படித்ததில்லை.

எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிக்காரர், என்னைவிட மூத்தவர், தனி அலுவலர் ஆட்சியே தேவலை என்கிற கட்சி. "தலைவர் வந்தா மட்டும் என்ன தம்பி? இருந்தவன் தின்னான்ல?" என்றார்.

"தின்னாருண்ணே. ஆனா அவர் வீடு உங்களுக்குத் தெரியும்ல?"

"வீடு தெரிஞ்சு என்னத்தக் கண்டோம்?"

அவர் சொன்னதை வைத்தே கேட்டேன். தெருவிளக்கு எரியாமல் கிடந்தபோது விடியக்காலையில் நாலு பேராகப் போய் அந்தத் தலைவர் வீட்டு வாசலில் நின்றதாக அவரே முன்பு கதை சொல்லியிருக்கிறார். தலைவர் கைலியோடு எழுந்து வந்து, சாமான் பரமக்குடியில் ஆர்டர் போட்டிருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்றாராம்.

"பொய்தான் சொன்னான்" என்றார் அண்ணன்.

"விளக்கு எரிஞ்சதா இல்லையா?"

"எரிஞ்சுச்சு, கொஞ்ச நாளு" என்று சிரித்தார். இப்போது அணைந்திருப்பதற்குத் தொண்டிச் சாலையில் எந்த வாசலில் போய் நிற்பது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கொடுத்தார்கள்.